அரை டாங்க் பெற்றோல்

தேநீர் ஊற்றும்போது அவர் கோப்பைக்கு மேலே கையைக் கொண்டுவந்துவிடுவார். கோப்பை பாதிதான் நிரம்பியிருக்கும். "காணும், காணும்" என்பார். கேத்திலிலிருந்து விழும் கொதிநீர் அவருடைய விரலில் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு திக்கென்னும். அதனால் அவருக்கு மட்டும் மெல்ல ஊற்றப் பழகினேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது யாருக்கு ஊற்றினாலும் மெல்லத்தான் ஊற்றுகிறேன். "தேத்தண்ணி ஊத்துறியோ, மருந்து ஊத்துறியோ?" என்று முதலாளி கேட்பார்.

போதும் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் அந்தச் சொல்லை அவரைப்போல அடிக்கடி சொன்ன வேறொருவரை நான் காணவில்லை. இருக்கக் கதிரை கொடுத்தால் அதன் நுனியில் உட்காருவார். உள்ளே தள்ளி இருங்கோ என்றால், "இது காணும்." மழையில் நனைந்து வந்தவருக்குத் துவாய் கொடுத்தால் அதன் ஒரு மூலையால் முகத்தை ஒற்றிவிட்டு, மடித்து, திருப்பித் தருவார். அவர் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டுகிறவர். கோடை விடுமுறை தொடங்கிய நாளில் பிள்ளைகளின் தாய்மார் அவருக்குச் சொக்கிலேற் பெட்டிகள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கள் கராஜில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான்.

எங்கள் கராஜ் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில், ஒரு பிளாசாவின் பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கம் மரக்கறிக் கடை, நகைக்கடை, பல் வைத்தியர். பின்பக்கம் குப்பைப் பெட்டிகளும் நாங்களும். முதலாளி ஆட்களோடு கதைப்பார், நான் வாகனங்களோடு கதைப்பேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கே வந்து ரயர் மாற்றத் தொடங்கி, பார்த்துப் பார்த்து மற்ற வேலைகளையும் பழகிக்கொண்டேன். யாராவது வந்து முதலாளியோடு கதைத்துக்கொண்டிருந்தால் நான் காருக்குக் கீழே போய்விடுவேன். கீழே வேலை இல்லாவிட்டாலும் போவேன்.

ஒரு வசந்தகால நாளில், குப்பைப் பெட்டிகள் அதிர ஒரு கார் வந்து வாசலில் நின்றது. முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் குறுகி, நிற்கும்போதே ஓடுவதுபோலத் தோன்றும் கறுப்பு அமெரிக்கக் கார். பொடியன்கள் மசில் கார் என்பார்கள். எட்டு சிலிண்டர். என்ஜின் சத்தத்துக்கு மேலே மெல்லிய விசில் ஒன்றும் கேட்டது. சூப்பர்சார்ஜர் பூட்டியிருக்கிறது என்பதை அந்த விசிலே சொல்லிவிட்டது.

"எந்த வீட்டுச் செல்லப்பிள்ளை எண்டு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு முதலாளி வெளியே போனார்.

கதவு திறந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள் போடும் ஒளிரும் மேலங்கியோடு ஒரு பெண் இறங்கினார். நான் சொன்னவர் அவர்தான். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். தலைமுடியைப் பின்னால் இறுக்கி முடிந்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோலவே முன்னும் பின்னும் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, பிறகுதான் காலை நிலத்தில் வைத்தார்.

"வணக்கம் அண்ணை. கார் இருமுது" என்றார்.

முதலாளி அவரையும் பார்த்தார், காரையும் பார்த்தார். "உது உங்கட காரோ அக்கா?"

"பேரிலை என்ர கார். ஓடினது தம்பி."

கதை இதுதான். இந்த நகரத்தில் இளம் ஆண்களுக்குக் கார்க் காப்புறுதி நெருப்பு விலை. அதனால் தம்பி கார் வாங்கியபோது அதை அக்காவின் பெயரில் பதிந்திருக்கிறான். பிறகு ரெக்ஸ்டேலில் ஒரு கடையில் சூப்பர்சார்ஜரும் பூட்டியிருக்கிறான். சில வருடம் ஆசைக்கு ஓடினான். கலியாணம், பிள்ளை, பிக்கரிங்கில் வீடு, பிள்ளைகளை ஏற்ற வான் என்று வாழ்க்கை போனபோது காரை அக்காவின் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டான். விற்கும்வரை நிற்கட்டும் என்றானாம். பற்றரி செத்துப்போகாமல் இருக்க வாரத்தில் ஒரு நாள் சுற்றிவரச் சொன்னானாம். அவர் வாரத்தில் ஒரு நாள் சுற்றினார். பிறகு இரண்டு நாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

நான் பக்கத்துக் காரின் கீழே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருமல் என்றதும் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்து, அவருடைய முகத்தைப் பார்க்காமல் காரின் முன்சில்லின் ரயரைப் பார்த்துக்கொண்டு, "எப்ப இருமுது?" என்று கேட்டேன். அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அக்சிலேற்றரை அமத்தேக்கை. மெல்லப் போனால் ஒண்டுமில்லை. 401 ஹைவேக்கு ஏறேக்கை அமத்தினால் மூச்சு முட்டுது."

"அப்ப மெல்ல ஓடலாம்தானே அக்கா" என்றார் முதலாளி.

"நாள் முழுக்க மெல்லத்தானே அண்ணை ஓடுறன்" என்றார் அவர்.

முதலாளி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் அதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி. காற்று கூடினால் பெற்றோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே எரிகிற நெருப்பின் சூடு ஏறும். முதலில் இருமும், பிறகு தட்டும், கடைசியில் பிஸ்டன் உருகும். வெளியிலிருந்து கேட்பவனுக்கு நல்ல உறுமலாகத்தான் கேட்கும். தம்பிக்காரன் காற்றுக்கு வழி செய்தான், பெற்றோலுக்குச் செய்யவில்லை. டாங்குக்குள் இருந்த பம்ப் பழையது. இன்ஜெக்டர் பழையது. பம்புக்குப் போகிற வயர் நூல்போல இருந்தது.

"எல்லாம் மாத்தவேணும். பம்ப், இன்ஜெக்டர், குழாய், வயர்" என்று சில்லிடம் சொன்னேன்.

"மாத்தினால் இருமாதோ?"

"இருமாது."

"அப்ப மாத்துங்கோ" என்றார். காணும் என்று சொல்லாமல் அவர் எதையாவது கேட்டதை நான் முதல் முதலாகக் கேட்டது அப்போதுதான். ஆனால் அன்று எனக்கு அவரைத் தெரியாது. அது பெரிய விஷயம் என்று விளங்கவில்லை.

சாமான்கள் வந்து சேரவே பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது. காரைக் கொண்டுவந்து விட்டார். டாங்கை இறக்கினால்தான் பம்பை மாற்றலாம், அதற்கு டாங்க் வெறுமையாக இருந்தால் நல்லது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பெற்றோல். அதை இறைத்துக் கான்களில் நிரப்பவே காலைப்பொழுது போய்விட்டது. உடுப்பெல்லாம் மணத்தது. மத்தியானம் வந்தவரிடம், "டாங்க் வெறுமையா இருந்திருந்தால் சுகமா இருந்திருக்கும்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "ஐயோ அண்ணை, வெறும் டாங்கோடை ஒரு ஆளிட்டைக் காரை விடலாமோ? அது மரியாதையில்லை. வாற வழியிலை நிப்பாட்டி அரை டாங்க் அடிச்சுக்கொண்டெல்லோ வந்தனான்."

எங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் இருக்கிறது. சைக்கிளை இரவல் வாங்கினால் காற்று அடித்துத் திருப்பிக் கொடுப்போம். காரை ஒருவரிடம் விட்டால் பெற்றோல் அடித்துவிட்டுக் கொடுப்போம். நான் அதை நல்ல குணம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். பின்னால் நான் தேடப்போகும் விடை அதற்குள் கிடந்தது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சாமான் பெட்டிக்குள் பூட்டும் முறை எழுதிய தாள்கள் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். படம் பார்த்துச் செய்துவிடுவேன், ஆனால் இந்தப் பம்புக்குப் படம் குறைவு, எழுத்து கூட. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, அதன் நுனியில் இருந்து, தாளை வாங்கி வாசிக்கத் தொடங்கினார். வாசித்துவிட்டுத் தமிழில் சொல்வார்.

"பழைய வயரைப் பாவிக்கக் கூடாதாம். தடிச்ச எழுத்திலை போட்டிருக்கு. ஏனண்ணை?"

"பம்ப் பெரிசு. பழைய வயர் மெல்லிசு. கரண்ட் காணாது. கரண்ட் காணாட்டில் பம்ப் சுத்தும், ஆனால் தேவையான அளவு தள்ளாது."

"சுத்துற சத்தம் மட்டும் கேக்கும்."

"ஓம்."

"எங்கட வீட்டிலையும் அப்பிடி ஒரு ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

கோடை முழுக்க அப்படித்தான் போனது. பஸ் இல்லாத காலம் என்றபடியால் வந்து இருப்பார். வாசிக்க ஏதும் இல்லாவிட்டாலும் வருவார். வேலைக்கு நடுவில் துண்டு துண்டாகச் சொன்னதை வைத்துத்தான் எனக்கு அவரைத் தெரியும். அவர்தான் வீட்டில் முதலில் இங்கே வந்தவர். பிறகு ஊரிலிருந்து தங்கையை இங்கே எடுத்தார், தம்பியை எடுத்தார், தாயை எடுத்தார். எல்லோருமாக வீடு வாங்கியபோது நிலக்கீழ் அறையில் அவர் இருந்தார். அவர்கள் பெரிய வீடுகளுக்குப் போய், தாயும் காலமான பிறகு, வேறொரு வீட்டின் நிலக்கீழ் அறைக்கு மாறினார். "ஒரு ஆளுக்கு ஒரு அறை காணும்தானே" என்றார். அந்த அறைக்கு யன்னல் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதலில் என்னை அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டவர், அந்தக் கோடையில் எப்போதோ அதை விட்டுவிட்டார். முதலாளியை அண்ணை என்பார். என்னை "இஞ்சை பாருங்கோ" என்பார். எந்த நாளில் அது நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அன்று இன்ஜெக்டர் பூட்டிக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதம் தம்பியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு நடந்தது. தம்பியின் வானையும் நாங்கள்தான் பார்ப்பது, அதனால் முதலாளிக்கும் எனக்கும் அழைப்பு வந்தது. மண்டபத்தில் அவர் சேலை கட்டி, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, கடைசிப் பந்தியில், கதிரை நுனியில் இருந்தார். சோறு போட வந்தவனின் கரண்டிக்கு முன்னால் அதே கை போனது.

தம்பியின் மனைவி எங்களுக்கு ஐஸ்கிறீம் கொண்டுவந்தபோது, "மச்சாள் தங்கமான ஆள். தனக்கெண்டு ஒண்டும் கேக்கமாட்டா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ஐஸ்கிறீமை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

வெளியே கார் தரிப்பிடத்தின் மூலையில் அந்தக் கறுப்புக் கார் நின்றது. வேலை முழுதாக முடியவில்லை, மெல்ல ஓடலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். கோட்டு சூட்டுப் போட்ட பொடியன்கள் அதைச் சுற்றிநின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கார் திறப்போடு வந்ததும் விலகினார்கள்.

"அன்ரி, ஸீரியஸ்லி? உங்கட காரா?"

"ஏன், நான் ஓடக்கூடாதோ?"

"நோ நோ, இட்ஸ் கூல். ஒருக்கா ரெவ் பண்ணுங்கோ அன்ரி, ப்ளீஸ்."

செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, வெறுங்காலால் ஒரு அமத்து அமத்தினார். மண்டபத்து நாதஸ்வரம் ஒரு கணம் கேட்காமல் போனது. பொடியன்கள் கத்தினார்கள். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பசித்த ஒருவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது இருக்குமே, அப்படி இருந்தது. அன்றுதான் எனக்கு விளங்கியது, இவருக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது என்று.

அடுத்த கிழமை கராஜுக்கு வந்தபோது அவராகவே சொன்னார். "தம்பி காரை வாங்க ஆள் பிடிச்சிட்டான். பிக்கரிங்கிலை ஒருத்தராம். பள்ளிக்கூடம் தொடங்க முதல் எடுக்கப் போறாராம்."

"குடுக்கப் போறியளோ?" இப்போது நான் சில்லோடு பேசுவதை விட்டிருந்தேன். அவருடைய தோள் அளவுக்கு வந்திருந்தேன்.

"ஒழுங்கா ஓடினால் குடுக்க மனம் வராது. ஓடாட்டில், நான் வைச்சிருக்க ஒரு ஞாயமும் இல்லை. பஸ் ஓடுற மனிசிக்கு உது என்னத்துக்கு எண்டு கேட்டால், நான் என்ன சொல்லுறது?"

ஆகவே விஷயம் என் கையில் வந்து நின்றது. கார் சரியானால் அவருக்குக் கார் இருக்கும். ஆனால் சரியான காரை யாரும் கராஜுக்குக் கொண்டுவருவதில்லை. கதிரை வெறுமையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கடைசி வயரை இழுத்துப் பூட்டினேன். முதலாளி காரை ரெக்ஸ்டேலுக்கு அனுப்பி, கணினி பூட்டிக் காற்றுக்கும் பெற்றோலுக்குமான கணக்கைச் சரிபார்க்கும் ஒருவரிடம் அதையும் செய்வித்தார். பெற்றோல் அழுத்தம் காட்டும் சிறிய மானி ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே பூட்டினேன். நானே 401இல் ஏற்றிப் பார்த்தேன். வளைவில் அமத்தினேன். முள் அசையவில்லை. அம்பு போலப் போனது.

அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் ஓடிவிட்டுத் திரும்பி வந்தார். "இருமுது" என்றார்.

நான் எடுத்து ஓடினேன். இருமவில்லை. அவர் கொண்டுபோனார். இருமியது. திரும்பக் கொண்டுவந்தார். எனக்கு ஓடியது. பம்பைக் கழற்றிப் பார்த்தேன், வயரைத் தடவிப் பார்த்தேன், குழாயில் நெளிவு இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

முதலாளி பகிடியைத் தொடங்கிவிட்டார். "காருக்கு உன்னிலை விருப்பம் போலை. அவவிட்டை இருமுது, உன்னிட்டை வந்தால் சுகம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லாட்டில் அவதான் இருமப் பண்ணுறாவோ தெரியாது" என்றார். நான் காருக்குக் கீழே போய்விட்டேன்.

அவருக்கு நம்பிக்கை குறையத் தொடங்கியது. பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமைகூட இல்லை. "விடுங்கோ. நீங்கள் செய்யிறதெல்லாம் செய்திட்டியள். இவ்வளவும் ஓடினது காணும்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முதல் முறையாக அதன்மேல் கோபம் வந்தது.

"நீங்கள் ஓடுங்கோ. நான் பக்கத்திலை இருந்து பாக்கிறன்" என்றேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. முதலாளியே திரும்பிப் பார்த்தார்.

"இப்பவோ? நான் நேரை வீட்டிலையிருந்து வாறன். வழியிலை..." என்று எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

ஏறினேன். அந்த நெடிய முன்பக்கத்துக்குப் பின்னால் அவருக்கு அருகில் இருந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தேன். லோறன்ஸ் வீதியில் மெல்லப் போய், 401க்கு வளைந்து ஏறும் பாதையில் திருப்பி, அமத்தினார். வளைவின் நடுவில் மானியின் முள் படக்கென்று விழுந்தது. கார் இருமியது. நேரான பாதைக்கு வந்ததும் முள் எழும்பியது. அப்போதுதான் நான் மற்ற மானியைப் பார்த்தேன். பெற்றோல் முள் அடியில் கிடந்தது. பக்கத்தில் செம்மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இந்த லைற் எப்ப தொடக்கம் எரியுது?"

"அது எப்பவும் எரியுறதுதான். எரிஞ்சாலும் வீட்டை போய்ச் சேரக் காணும்."

"எப்பவும் இப்பிடித்தான் ஓடுறியளோ?"

"ஏன், எனக்கு என்னத்துக்குக் கன பெற்றோல்? இருபது டொலருக்கு அடிப்பன். முடிஞ்சால் பிறகு இருபது."

"கராஜுக்கு வரேக்கை மட்டும் அரை டாங்க்."

"அது உங்களுக்கெல்லோ."

எல்லாம் விளங்கிவிட்டது. புதுப் பம்ப் பழையதைவிட வேகமாகக் குடிக்கும். டாங்கின் அடியில் கிடக்கும் கொஞ்சப் பெற்றோல், வளைவில் ஒருபக்கம் ஒதுங்கினால், பம்ப் காற்றைத்தான் குடிக்கும். எனக்குக் கொடுக்கும்போது அரை டாங்க் இருந்ததால் எனக்கு ஓடியது. தனக்கு ஓடும்போது விளக்கு எரியும்வரை ஓடியதால் அவருக்கு இருமியது. பிழை பம்பிலும் இல்லை, வயரிலும் இல்லை.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒருவர் தன்னை எப்படி நடத்திக்கொள்கிறார் என்பதைக் கார் திருத்துகிறவன் சொல்லலாமா? ஹைவேயிலிருந்து இறங்கும் அடுத்த வெளிவாசல் வரும்வரை யோசித்தேன்.

"காஸ் ஸ்ரேசனுக்கு விடுங்கோ" என்றேன். "கார் நல்லாத்தான் இருக்கு. நீங்கள் எனக்கு அடிக்கிறமாதிரி உங்களுக்கும் அடிக்கவேணும். நிரம்ப."

அவர் வெளிவாசல் பாதையில் திருப்பினார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "நிரம்பவோ?" என்றார்.

"நிரம்ப."

பெற்றோல் அடிக்கும் இடத்தில் அவரே இறங்கிக் குழாயைச் செருகிப் பிடித்தார். வழக்கமான இருபது டொலர் வந்ததும் கை தானாகத் தளர்ந்தது. நான் தலையை ஆட்டினேன். திரும்பவும் அழுத்தினார். எண்கள் ஓடிக்கொண்டே போயின. அவர் என்னைப் பார்ப்பார், எண்களைப் பார்ப்பார். திடீரென்று டக்கென்று ஒரு சத்தம். குழாய் நின்றுவிட்டது. அவர் துணுக்குற்றுக் கையை எடுத்துவிட்டார்.

"உடைச்சுப்போட்டனோ?"

"இல்லை. நிரம்பிட்டுது."

"நிரம்பினால் உப்பிடிச் சத்தம் போடுமோ?"

அவ்வளவு காலம் வாகனம் ஓட்டியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. பஸ்ஸுக்கு வேறு ஆட்கள் நிரப்பிவைப்பார்கள். தனக்கு அடித்ததெல்லாம் அளந்த இருபது. மூடியைத் திருகும்போது அவர் சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியிருந்ததால் சிரிப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அங்கேயே கைத்தொலைபேசி அடித்தது. தம்பி. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இருக்கைப் பட்டியைப் பூட்டினார்.

"அக்கா, ஆள் நாளைக்கு வாறாராம். இருமினாலும் பரவாயில்லையாம். திறப்பை எடுத்து வையுங்கோ."

"நான் விக்கேல்லை."

"என்ன?"

"விக்கேல்லை எண்டு சொல்லிவிடு."

"அக்கா, பகிடி விடாதேங்கோ. உங்களுக்கு என்னத்துக்கு உது?"

அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேணும்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி அக்கா" என்று வந்தது.

இப்போது அவர் இங்கே இல்லை. அந்த இலையுதிர்காலத்திலேயே, மேற்கே மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் எட்மன்டனுக்குப் போய்விட்டார். அங்கேயும் பஸ்தான் ஓட்டுகிறாராம். விமானத்தில் போகவில்லை, அந்தக் காரிலேயே போனாராம். பனிக்காலத்தில் அதை மூடி வைத்திருக்கிறாராம். யன்னல் உள்ள வீடாம். எல்லாம் தம்பி வானைக் கொண்டுவரும்போது முதலாளியிடம் சொல்வதுதான். வானின் கீழே இருந்து நான் கேட்பேன். ஒரு முறை, "கராஜிலை அந்த ஆள் இன்னும் நிக்கிறாரோ எண்டு அக்கா கேட்டவ" என்று சொன்னான். "நிக்கிறார், எங்கை போறது" என்றார் முதலாளி.

அன்றைய ஓட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

திரும்பவும் 401க்கு ஏறினோம். அதே மாதிரி வளைவு. அவர் அமத்தினார். முள் நின்ற இடத்தில் நின்றது. விசில் எழும்பியது, முதுகு இருக்கையோடு ஒட்டியது, வளைவு முடிந்து பாதை நேரானபோது எங்களுக்கு முன்னால் கிழக்குப் பக்கம் முழுக்க வெளித்துக் கிடந்தது. அவர் மூச்சை மட்டும் நீளமாக விட்டார். பிறகு வேகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பஸ் ஓட்டுகிறவரைப்போல நடுப்பாதையில் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டார். ஸ்காபரோ முடிந்தது. பிக்கரிங் வந்தது, தம்பியின் வீட்டுப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலதுபக்கம் எங்கேயோ ஏரி இருக்கும். மாலை வெயில் பின்னாலிருந்து வந்து அவருடைய காதில் பட்டுக்கொண்டிருந்தது.

"இது எட்மன்டன் வரைக்கும் போகுமோ?" என்று கேட்டார்.

"போகும். நிரப்பி நிரப்பிப் போனால் எவ்வளவு தூரமும் போகும்."

"சும்மா கேட்டனான்."

அவர் இருக்கையின் நுனியில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"இஞ்சை பாருங்கோ" என்றார். "இன்னும் கொஞ்சத் தூரம் போவமோ? இல்லாட்டில், உங்களுக்கு இவ்வளவும் காணுமோ?"

என்னுடைய கைகள் இன்னும் முழங்காலில்தான் இருந்தன. நகத்துக்குள் கிறீஸ் இருந்தது. கராஜில் முதலாளி என்ன நினைப்பார் என்று நினைத்தேன். வேறு எதையெல்லாமோ நினைத்தேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"காணும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பின்கண்ணாடியைப் பார்த்தார், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், அடுத்த வெளிவாசலுக்குச் சிக்னல் போட்டார். பெற்றோல் முள் மேலேயே நின்றது, நிரப்பிய இடத்திலிருந்து அசைந்ததாகவே தெரியவில்லை.